கேட்ட குரலை யார் நிதானிப்பது?

தமிழ்ச் சபைகளில் சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்கள் வாயில் தவறாமல் வரும் வாக்கியம், "கர்த்தர் என்னோடு பேசினார்" என்பது. வேதம் வாசிக்கையில் ஒரு வசனம் நெஞ்சில் தைத்ததையும் அப்படித்தான் சொல்வார்கள். போதகர் பிரசங்கத்தில் சொன்ன ஒரு வரி தன் வீட்டுப் பிரச்சினைக்கென்றே சொன்னதுபோல் இருந்ததையும் அப்படித்தான் சொல்வார்கள். விடியற்காலைக் கனவு, ஜெபத்தில் திரும்பத் திரும்ப எழும் ஓர் எண்ணம், டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கைக்கு வந்த வாக்குத்தத்த அட்டை, மிக அரிதாகக் காதில் விழுந்த குரல் எல்லாமே இதில் அடக்கம். சொல்பவர் மனமறிந்து பொய் சொல்வதில்லை. கேட்பவர்களும் ஒரு "அல்லேலூயா" சொல்லி அமைதியாகிவிடுகிறார்கள். அது கர்த்தர்தான் என்று எப்படித் தெரியும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் அவிசுவாசி என்ற பெயர் வந்துவிடும்.

ஜெபம் இருவழி உறவு என்பது கிறிஸ்தவத்தின் அடிப்படை நம்பிக்கை. மனிதன் பேசுகிறான், கடவுள் செவிசாய்க்கிறார். கடவுள் பேசுகிறார், மனிதன் செவிசாய்க்கிறான். முதல் பாதியில் பெரிய சிக்கல் இல்லை. அழத் தெரிந்தவர்களுக்கு ஜெபிக்கவும் தெரியும். இரண்டாம் பாதிதான் இரண்டாயிரம் ஆண்டுகளாக இடிக்கிறது. மனத்தில் எழுந்தது கடவுளின் குரலா, சொந்த ஆசையா, பயமா, நேற்றிரவு சரியாகத் தூங்காததன் விளைவா? கிறிஸ்தவ மரபு இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. அதன் வரலாற்றைப் படித்துக்கொண்டே போனால் ஒன்று பிடிபடுகிறது: கடவுளும் ஆன்மாவும் பேசிக்கொள்ளும் இடத்தில் மூன்றாவதாக ஒரு நாற்காலியையும் அது போட்டே வைத்திருக்கிறது. அந்த நாற்காலி காலியாகக் கிடந்தபோதும் கேடு விளைந்திருக்கிறது; அதில் தகாத ஆள் உட்கார்ந்தபோதும் விளைந்திருக்கிறது.

சாமுவேலின் கதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். சீலோவில் ஆலயத்துக்குள் படுத்திருந்த சிறுவனை ஒரு குரல் பெயர் சொல்லி அழைக்கிறது. அவன் எழுந்து முதியவரான ஏலியிடம் ஓடுகிறான். தான் கூப்பிடவில்லை, போய்ப் படுத்துக்கொள் என்கிறார் அவர். மூன்று முறை இப்படியே நடக்கிறது. மூன்றாம் முறைதான் ஏலிக்குப் புரிகிறது. மறுபடி அழைத்தால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார். பாடம் நடத்துபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு கதையை முடித்துவிடுகிறார்கள். மீதிதான் கனமானது. சிறுவன் கேட்ட செய்தி, ஏலியின் குடும்பத்துக்கு வரப்போகும் தண்டனை. விடிந்ததும் அதைச் சொல்ல அவன் பயப்படுகிறான். ஒரு வார்த்தையும் ஒளிக்கக் கூடாது என்று ஏலி வற்புறுத்திக் கேட்கிறார்; கேட்டபின், அது கர்த்தரின் சித்தம், அப்படியே ஆகட்டும் என்று ஏற்றுக்கொள்கிறார். பார்வை மங்கியவர், சொந்தப் பிள்ளைகளைக் கண்டிக்கத் தவறியவர். மாதிரி ஊழியர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஆனாலும் குரலைக் கேட்டவன் சிறுவன் என்றால், அது யாருடைய குரல் என்று அடையாளம் காட்டியவர் அவர்தான். அந்தக் குரலால் எல்லாவற்றையும் இழக்கப்போகிறவரும் அவர்தான். செய்தியால் தனக்கு எந்த ஆதாயமும் இல்லாதவர் அதைச் சோதிக்க வேண்டும் என்ற விதி இந்தக் கதைக்குள்ளேயே இருப்பதாக எனக்குப் படுகிறது.

எரேமியா 28ஆம் அதிகாரம் இதைவிடச் சிக்கலானது. பாபிலோனிய ஆதிக்கத்துக்குப் பணிந்திருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் நுகத்தோடு நிற்கிறார். அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லோர் முன்பாகவும் வந்து, இரண்டே ஆண்டுகளில் விடுதலை என்று கர்த்தரின் பெயரால் அறிவித்து, அந்த நுகத்தைப் பிடுங்கி முறித்துப் போடுகிறார். இருவர் வாயிலும் ஒரே பெயர். செய்தியோ நேர் எதிர். கூடியிருந்த மக்களுக்கு எது உண்மை என்று எப்படித் தெரியும்? எரேமியா அந்த இடத்தில் சண்டைக்குப் போகவில்லை. அப்படியே நடந்தால் நல்லதுதான் என்று ஆமென் சொல்கிறார். சமாதானத்தை முன்னறிவிப்பவனின் வாக்கு பலிக்கும்போதுதான் அவனைக் கர்த்தர் அனுப்பினார் என்று விளங்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வழியே போய்விடுகிறார். கர்த்தரின் மறுவார்த்தை பிற்பாடுதான் அவருக்கு வருகிறது. கடவுள் பேசியதாக உறுதியாக நம்பிய ஒருவர், மறுக்கப்பட்டபோது உடனே பதிலடி கொடுக்காமல் விலகிப்போனார். இன்றைய மேடைகளில் காணக் கிடைக்காத காட்சி இது.

வேதாகமத்து ஜெபங்கள் பணிவும் மென்மையும் மட்டும் கொண்டவை என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். சோதோமுக்காக ஆபிரகாம் ஐம்பது நீதிமான்களில் தொடங்கிப் பத்துவரை பேரம் பேசுகிறார். சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. தனக்கு நேர்ந்ததற்குக் காரணம் கேட்ட யோபுவுக்குக் கடவுள் பெருங்காற்றிலிருந்து பேசும்போது, கிடைப்பது காரணம் அல்ல, கேள்விமேல் கேள்வி. தன் மாம்சத்தில் குத்திய முள் நீங்க வேண்டும் என்று பவுல் மூன்று முறை மன்றாடுகிறார். பதில் வருகிறது, முள் போகவில்லை. இவற்றையெல்லாம் தொகுத்தவர்கள் பதில் கிடைத்த கதைகளை மட்டும் பொறுக்கியெடுத்து வைத்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அகஸ்தீன் 397 வாக்கில் எழுதத் தொடங்கிய 'ஒப்புரவு அறிக்கைகள்' பதின்மூன்று புத்தகங்களும் கடவுளை முன்னிலையாக்கி எழுதப்பட்டவை. வாசகன் பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்பவன் மட்டுமே. 386இல் மிலான் நகரத்துத் தோட்டத்தில் நடந்த அவருடைய மனமாற்றத்தைச் சொல்லும் இடம் புகழ்பெற்றது. அண்டை வீட்டிலிருந்து ஒரு குழந்தையின் குரல், எடுத்து வாசிக்கும்படி பாட்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அழுதுகொண்டிருந்த அந்த நிலையிலும் அகஸ்தீன் முதலில் செய்தது யோசித்தது: இப்படிச் சொல்லி விளையாடும் பிள்ளை விளையாட்டு ஏதாவது உண்டா? அப்படி எதுவும் நினைவுக்கு வராத பிறகே பவுலின் நிருபத்தைத் திறக்கிறார். தோட்டத்தில் அவர் தனியாகவும் இல்லை. நண்பர் அலிப்பியுஸ் அங்கே இருந்தார். வாசித்த பகுதியை அவரிடம் காட்ட, அவர் அதற்கு அடுத்த வரியை வாசித்துத் தனக்கும் அதில் ஒரு செய்தி இருக்கிறது என்கிறார். பிறகு இருவருமாகப் போய்த் தாய் மோனிக்காவிடம் சொல்கிறார்கள்.

இந்தச் சோதிக்கும் பழக்கத்தை ஒரு முறையாகவே வகுத்தவர் லொயோலா இஞ்ஞாசியார். 1521இல் பாம்ப்லோனா கோட்டையைக் காக்கும் போரில் பீரங்கிக் குண்டு அவருடைய காலை நொறுக்கியது. வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தவர், பொழுதுபோக வீரதீரக் கதைகள் கேட்டார். வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாற்றையும் புனிதர்களின் வரலாற்றையும் கொடுத்தார்கள். படிக்காத நேரத்தில் இரண்டு விதமான பகற்கனவுகள் அவருக்கு வந்தன. ஒன்று, ஓர் உயர்குலப் பெண்ணின் மனத்தைக் கவரச் செய்யப்போகும் சாகசங்கள். இன்னொன்று, பிரான்சிஸ், தோமினிக் போன்ற புனிதர்கள் செய்ததைத் தானும் செய்வது. இரண்டும் நினைக்கும்போது இனித்தன. நினைத்து முடித்தபின்தான் வித்தியாசம்: முதலாவது வெறுமையை விட்டுப் போனது, இரண்டாவது நிறைவை விட்டுப் போனது. எண்ணம் வரும்போது இருக்கும் இனிமையை வைத்து எடை போடாமல், அது போன பிறகு மனம் எப்படியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதை அவர் அந்தப் படுக்கையில் கற்றுக்கொண்டார்.

1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற 'ஆன்மப் பயிற்சிகள்' இந்தக் கண்டுபிடிப்பில் முளைத்தது. ஒவ்வொரு தியானத்தின் முடிவிலும் நண்பனோடு நண்பன் பேசுவதுபோல் ஆண்டவரோடு பேச வேண்டும் என்கிறது அது. மனம் வறண்டு சோர்ந்திருக்கும் நாள்களில், முன்பு எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்று கறாராக ஒரு விதியும் வைக்கிறது. எனக்கு இன்னும் முக்கியமாகத் தெரிவது பயிற்சி கொடுப்பவருக்கான விதி. தியானம் செய்பவரை அவர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளக் கூடாது. தராசு முள்போல நடுவில் நின்று, படைத்தவரும் படைப்பும் நேரடியாகப் பழக இடம் விட வேண்டும். மூன்றாவது நாற்காலியில் இருப்பவர் எவ்வளவு பேசலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான வரையறை வேறெங்கும் நான் பார்க்கவில்லை. இயேசு சபையினர் இன்றும் இந்த முப்பது நாள் பயிற்சியை வாழ்நாளில் இரண்டு முறை முழுமையாகச் செய்கிறார்கள். ஞானத் தியானம் என்ற பெயரில் இதன் சுருக்கம் தமிழகத்துக் கத்தோலிக்கப் பங்குகள்வரை வந்து சேர்ந்திருக்கிறது. இஞ்ஞாசியாரே விசாரணைக்குத் தப்பவில்லை. அல்கலாவிலும் சலமாங்காவிலும் அவரைச் சிறையில் வைத்து விசாரித்தார்கள்.

அவிலா தெரேசாவின் கதையில் இந்த விசாரணை வலியோடு வருகிறது. அவருக்குக் காட்சிகள் வரத் தொடங்கியபோது, ஆலோசனை கேட்கப் போனவர்கள் அது பேயின் வேலை என்றார்கள். காட்சி தோன்றும்போதெல்லாம் விரல்களை மடக்கி ஓர் அவமதிப்புச் சைகை காட்டும்படி ஒரு குரு கட்டளையிட்டார். நேசிப்பவரின் முகத்துக்கு நேரே அதைச் செய்ய அவருக்கு உயிர் போயிற்று. ஆனாலும் செய்தார். கீழ்ப்படிந்தது சரியே என்று காட்சியில் வந்த ஆண்டவரே சொன்னதாகத் தன்வரலாற்றில் எழுதுகிறார். அந்தக் கையெழுத்துப் பிரதி பிறகு விசாரணை மன்றத்தின் கைக்குப் போய், அவர் 1582இல் இறந்த பிறகே, 1588இல் அச்சேறியது. 1577இல் எழுதிய 'உள்மாளிகை'யில் தெரேசா தாமே சில அளவுகோல்களைத் தருகிறார். கடவுளின் வார்த்தை சொன்னதைச் செய்துமுடிக்கும் வல்லமை உடையது, ஆன்மாவில் அமைதியை விட்டுச் செல்லும், நெடுநாள் மறக்காது. வேதத்தோடு முரண்பட்டால் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே கூடாது. மனச்சோர்வு நோயாலும் பலவீனமான கற்பனையாலும் குரல் கேட்பவர்களைத் திட்டக் கூடாது, நோயாளிகளாகப் பார்த்துப் பரிவோடு நடத்த வேண்டும் என்றும் எழுதுகிறார். பதினாறாம் நூற்றாண்டில் ஒரு துறவி இதை எழுதினார் என்பதை நம்மூரில் நோயாளியைச் சங்கிலியில் கட்டிப்போட்டுப் பேயோட்டுகிறவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டும்.

தெரேசாவின் தோழரான சிலுவை யோவான் இன்னும் கடுமையானவர். குரல் கேட்டதாகச் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் தங்களோடு தாங்களே பேசிக்கொண்டு அதைக் கடவுளின் பேச்சாக எண்ணிக்கொள்கிறார்கள் என்பது அவர் கணிப்பு. சொல்ல வேண்டியதையெல்லாம் கடவுள் தம் மகனில் சொல்லி முடித்துவிட்டார், இனிப் புதிதாக என்ன வேண்டும் என்று கேட்கிறார். எனக்கு இது சற்று மிகையாகவே தோன்றுகிறது. ஆனால் மிகையாகச் சொல்ல அவருக்கு அன்றைய ஸ்பெயினில் காரணம் இருந்தது.

சீர்திருத்தச் சபைகள் பாவசங்கீர்த்தன குருவின் அதிகாரத்தை உதறின. சோதிக்கும் வேலை நூலின் தலையிலும் சபையின் தலையிலும் விழுந்தது. 1535இல் மார்ட்டின் லூத்தர் தன் முடிதிருத்துநர் பேதுருவுக்கு ஜெபிக்கும் எளிய வழி ஒன்றைக் கடிதமாக எழுதிக்கொடுத்தார். பத்துக் கட்டளைகளையும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தையும் வரிவரியாக எடுத்துச் சிந்திக்கச் சொல்கிறார். இடையில் பரிசுத்த ஆவியானவர் பேசத் தொடங்கினால், உன் ஜெபத்தை அப்படியே நிறுத்திவிட்டு, வாயை மூடிக்கொண்டு கேள், முடிந்தால் எழுதி வை என்கிறார். சவரக்கத்தி பிடித்தவன் பராக்குப் பார்த்தால் வாடிக்கையாளரின் மூக்கும் கழுத்தும் என்னாகும் என்று அந்தத் தொழிலிலிருந்தே கவனத்துக்கு உதாரணம் காட்டுகிறார். அதே ஆண்டில் அந்தப் பேதுரு குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில் மருமகனைக் கத்தியால் குத்திக் கொன்றார். லூத்தரும் மற்றவர்களும் பரிந்து பேசியதால் தலை தப்பியது, நாடு கடத்தப்பட்டார். ஜெபப் புத்தகங்களின் முன்னுரைகளில் இந்தப் பின்கதை அவ்வளவாக இடம்பெறுவதில்லை.

நாற்காலியில் தகாத ஆள் உட்கார்ந்ததற்கு மாசசூசெட்ஸ் குடியேற்றம் சாட்சி. ஆன் ஹட்சின்சன் பாஸ்டனில் தன் வீட்டில் பெண்களைக் கூட்டிப் பிரசங்கங்களை விளக்கிவந்தார். போதகர்களில் பலர் கிருபையைச் சரியாகப் போதிக்கவில்லை என்று விமரிசித்தார். 1637 நவம்பரில் அவரை விசாரித்த மன்றத்துக்குத் தலைமை தாங்கிய ஆளுநர் ஜான் வின்த்ரோப்பே குற்றம்சாட்டியவரும் ஆவார். வாதத்தில் ஹட்சின்சன் சளைக்கவில்லை. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டபோது, ஆபிரகாமுக்குத் தெரிந்ததுபோல, கடவுள் நேரடியாக வெளிப்படுத்தியதால் தெரியும் என்றார். அந்த ஒரு பதில் போதுமாயிருந்தது, நாடு கடத்திவிட்டார்கள். அவருக்குக் கேட்டது கடவுளின் குரல்தானா என்பதை யாரும் பொறுமையாக ஆராயவில்லை. யார் பேசலாம் என்பதுதான் அங்கே வழக்கு. ஏலியின் இடத்தில் வின்த்ரோப் இருந்திருந்தால் சாமுவேலின் கதி என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குவேக்கர்கள் இதற்கு ஒரு மாற்றைக் கண்டார்கள். மௌனமாகக் கூடி உட்கார்வது, தனி நீதிபதி என்று யாரும் இல்லாதது, ஒருவருக்குக் கிடைத்த ஏவுதலைக் கூட்டமாகச் சேர்ந்து நிதானிப்பது என்பது அவர்கள் வழி. முக்கியமான முடிவெடுக்க வேண்டியவரோடு சிலர் உட்கார்ந்து, ஆலோசனை எதுவும் சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்கும் வழக்கம் இன்றும் அவர்களிடம் உண்டு.

இத்தனை இழைகளும் ஒரே வாழ்க்கையில் வந்து சேர்ந்தது கல்கத்தாவில். 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் போகும் ரயிலில் லொரெட்டோ கன்னியர் சபையைச் சேர்ந்த ஆசிரியையான அன்னை தெரசா ஓர் அழைப்பை உணர்ந்தார்: சபையை விட்டு வெளியேறி, ஏழைகளிலும் ஏழைகளோடு வாழ வேண்டும். அடுத்த மாதங்களிலும் இயேசுவின் குரல் அவரோடு தெளிவாகப் பேசியது. அவர் செய்தது, அதைத் தன் ஆன்ம வழிகாட்டியான வான் எக்செம் அடிகளிடம் சொன்னது. அவர் உடனே தலையாட்டிவிடவில்லை. பிறகு பேராயர் பெரியேயிடம் விஷயம் போனது. பேராயர் அவசரப்படவே இல்லை. கடிதத்துக்குமேல் கடிதம் எழுதி மன்றாடினார் தெரசா. ஓராண்டுக்குமேல் காக்கவைத்து, மற்றவர்களிடம் கலந்து, செலவு, ஆள், விதிமுறை எல்லாம் கேட்டு, 1948 தொடக்கத்தில்தான் மேலிடத்துக்கு எழுத அனுமதித்தார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலையில் தெரசா மடத்தை விட்டு வெளியேறினார். கடவுள் பேசிவிட்டாரே, பேராயர் யார் தடுக்க என்று அவர் கேட்கவில்லை.

பணி தொடங்கியதும் குரல் நின்றுபோனது. 2007இல் வெளியான அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் உலகைத் திடுக்கிட வைத்தது இதனால்தான். அழித்துவிடும்படி அவர் கேட்டுக்கொண்ட கடிதங்கள் அவை. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஜெபத்தில் அவர் உணர்ந்தது வெறுமையும் இருளும். 1958இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதருக்கான இரங்கல் திருப்பலியின்போது இருள் விலகிச் சில வாரங்கள் நின்றது. பிறகு மறுபடி கவிந்தது. 1961 வாக்கில் நோய்னர் என்ற இயேசு சபைக் குரு, கடவுளுக்காக இத்தனை ஏங்குவதே அவர் அருகில் இருப்பதன் அடையாளம், இந்த இருள் உங்கள் பணியின் இன்னொரு பக்கம் என்று விளக்கிய பிறகுதான் அவரால் அதோடு வாழ முடிந்தது. இங்கேயும் வெளிச்சம் மூன்றாமவர் வழியாகவே வந்தது. கடிதங்களைப் படித்த சிலர், அவர் நம்பிக்கையை இழந்துவிட்டார், வெளியே நடித்தார் என்றார்கள். அந்த வாதம் என்னிடம் எடுபடவில்லை. நம்பிக்கை போனவர் எதிரில் இல்லாத ஒருவரிடம் அத்தனை ஆண்டுகள் முறையிட்டுக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் ஜெபித்தால் ஆண்டவர் தினமும் பேசுவார் என்று உத்தரவாதம் தருகிற கையேடுகளுக்கு இந்தக் கடிதங்கள் சங்கடமான பதில்தான்.

ஆய்வுக்கூடங்கள் இதில் என்ன சொல்கின்றன? ஜெபத்தை மருந்துபோலச் சோதித்த பெரிய ஆய்வு 2006இல் வெளியானது. இதய அறுவை செய்துகொண்ட 1,802 நோயாளிகளில், முன்பின் தெரியாதவர்கள் ஜெபித்ததால் பலன் எதுவும் தெரியவில்லை. தங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கப்படுகிறது என்று அறிந்திருந்தவர்களில் சிக்கல் கண்டவர்கள் சற்று அதிகமாகவே இருந்தார்கள். உறவை அளக்கும் கருவி இதுவல்ல, கடந்துபோகலாம். டென்மார்க்கின் ஊஃபே ஷோட் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைவிடப் பொருத்தமானது. தீவிர விசுவாசமுள்ள 20 இளைஞர்கள் மூளை ஸ்கேன் கருவிக்குள் படுத்துக்கொண்டு ஜெபித்தார்கள். சொந்த வார்த்தைகளில் ஜெபித்தபோது, இன்னொரு மனிதரின் மனத்தை உணர்ந்து உரையாடும்போது இயங்கும் மூளைப்பகுதிகள் இயங்கின. கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் பரிசு கேட்டபோது அப்படி இல்லை. மனப்பாடமான பரமண்டல ஜெபத்திலும் இல்லை. எதிரில் ஒருவர் இருக்கிறார் என்பதை ஆய்வு நிரூபிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. ஜெபிப்பவர் வெறும் ஆசையை உச்சரிக்கவில்லை, ஒருவரிடம் பேசுகிறார் என்பது மட்டும் தெரிகிறது.

இதே குழு 2011இல் வெளியிட்ட ஆய்வுதான் என்னை அதிகம் உறுத்தியது. பரிந்துரை ஜெபங்களின் ஒலிப்பதிவை விசுவாசிகளுக்குக் கேட்கக் கொடுத்தார்கள். ஜெபிப்பவர்களில் ஒருவர் குணமாக்கும் வரம் பெற்றவர் என்று சொல்லிவைத்திருந்தார்கள். உண்மையில் அப்படிப்பட்ட யாரும் இல்லை. அந்த 'வரம் பெற்றவரின்' ஜெபத்தைக் கேட்கும்போது விசுவாசிகளின் மூளையில் சீர்தூக்கிப் பார்க்கும் முன்பகுதியின் இயக்கம் தணிந்தது. விசுவாசமில்லாதவர்களிடம் இப்படி நடக்கவில்லை. வரம் பெற்றவர் என்ற ஓர் அறிமுகம் போதும், கேட்பவர் நிதானிப்பதை நிறுத்திக்கொள்கிறார்.

மானிடவியலாளர் தான்யா லூர்மன், சிகாகோவிலும் கலிஃபோர்னியாவிலும் வினியார்டு சபைகளோடு ஆண்டுக்கணக்கில் பழகி 2012இல் ஒரு நூல் எழுதினார். அங்கே சிலர் கடவுளுக்கென்று இன்னொரு கோப்பை காபி ஊற்றிவைத்துப் பேசினார்கள். கடவுளின் குரலை இனங்காண்பது அவர்களுக்குத் தானாக வரவில்லை. பழகிப் பழகிக் கற்றார்கள். எண்ணம் வழக்கமாகத் தனக்குத் தோன்றாததாக இருக்கிறதா, வேதம் காட்டும் கடவுளின் குணத்துக்கு ஒத்துவருகிறதா, அமைதி தருகிறதா, பிறர் வழியாகவும் உறுதிப்படுகிறதா என்று பார்த்தார்கள். அவிலா தெரேசாவைப் படித்திராதவர்களும் அவருடைய அளவுகோல்களுக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். லூர்மன் இன்னோர் ஆய்வில் சென்னை, கானாவின் அக்ரா, கலிஃபோர்னியாவின் சான் மத்தேயோ ஆகிய இடங்களில் தலா இருபது மனநோயாளிகளிடம் பேசினார். சென்னையில் பாதிக்கு மேற்பட்டோர் கேட்டது உறவினர்களின் குரல்; அது வீட்டுவேலை ஏவியது, கண்டித்தது. இவர்கள் நோயாளிகள், ஜெபிப்பவர்களை இவர்களோடு சேர்த்து எண்ணக் கூடாது. எந்தக் குரலும் அவரவர் வளர்ந்த வீட்டின் சாயலில்தான் காதில் விழும் என்ற அளவுக்கு மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குக் கடவுளிடம் பேசும் பாதி எளிதாக வந்ததற்கு நம் பக்தி மரபு ஒரு காரணம். தெய்வத்திடம் கெஞ்சியும் ஊடியும் உரிமையோடு கோபித்தும் பாடிய மண் இது. வைணவராகப் பிறந்த ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ணபிள்ளை கிறிஸ்தவரான பிறகும் அந்த உருக்கத்தை விட்டுவிடாமல் 'இரட்சணிய மனோகர'த்துக்குக் கொண்டுபோனார். பாளையங்கோட்டையில் 1891இல் பிறந்து, பின்னாளில் கோயம்புத்தூர்ப் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி, இந்த உறவைக் கோட்பாடாகவே எழுதினார். 1927இல் வெளிவந்த நூலில் கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கினார். இயேசுவும் பிதாவும் ஒன்று என்பது அத்வைத ஒருமை இல்லை, அன்பின் ஒருமை. அன்புக்கு இருவர் வேண்டும் என்றார். சாது சுந்தர்சிங்கின் பரவச அனுபவங்களை ஆக்ஸ்போர்டில் ஸ்ட்ரீட்டர் என்ற அறிஞரோடு சேர்ந்து நேரில் விசாரித்து 1921இல் ஒரு நூலும் எழுதியவர் அவர். அனுபவத்தின்மேல் அவருக்கு இருந்த மதிப்பைப் பற்றி இரண்டு கருத்து இருக்க முடியாது. அப்படிப்பட்டவர், கடவுளை அறியும் பிரமாணங்களாகச் சுருதி, யுக்தி, அனுபவம் மூன்றையும் சொன்னபின் நான்காவதாகச் சபையையும் சேர்த்தார். தனியொருவரின் அனுபவம் தன்னந்தனியாக நிற்கக் கூடாது என்பது அவர் முடிவு.

அப்பாசாமி சொன்ன நான்காவது பிரமாணம் இன்று நம்மிடையே வலுவிழந்து கிடக்கிறது. ஒலிபெருக்கியிலும் கைபேசித் திரையிலும் தீர்க்கதரிசனம் வருகிறது. இந்த மாதம் வீடு அமையும், அந்த வரன்தான் கர்த்தர் குறித்த வரன், மாத்திரையை நிறுத்து, காணிக்கை விதைத்தால் அறுப்பாய் என்று வருகிறது. சொன்னவர் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். பலிக்காதபோது கேட்டவரின் விசுவாசத்தில் குறை என்று ஆகிறது. இது கடவுள் மனிதனோடு பேசுவதன் பெருக்கம் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. என் கணிப்பில் இது அந்த உறவின் சுருக்கம். இருவழிப் பேச்சில் மனிதனுக்கு இருந்த பங்கைப் பறித்து, அவனை வெறும் வாடிக்கையாளனாக்கிவிடுகிறது. ஆபிரகாம் கடவுளிடமே பேரம் பேசினார். நம் விசுவாசிக்கு ஊழியரிடம் ஒரு கேள்வி கேட்கவும் துணிவில்லை.

மற்றவருக்காக ஒரு வார்த்தை கிடைத்ததாக எவர் சொன்னாலும், அதனால் அவருக்கு ஆதாயம் உண்டா என்று முதலில் பாருங்கள். "விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதற்குக் கோபப்படுகிறவரிடமிருந்து விலகி நில்லுங்கள். மருந்து, திருமணம், சொத்து சம்பந்தப்பட்ட எந்தத் தீர்க்கதரிசனத்தையும் தனியாக வைத்துக்கொண்டு முடிவெடுக்காதீர்கள். சபை நடத்துகிறவர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரம், 29ஆம் வசனம் உங்களுக்குத் தெரியும். தீர்க்கதரிசிகள் இரண்டு பேரோ மூன்று பேரோ பேசலாம், மற்றவர்கள் அதை நிதானிக்க வேண்டும் என்பது அதன் சாரம். முதல் பாதிக்கு நம் ஆராதனைகளில் நேரம் தாராளமாக இருக்கிறது. இரண்டாம் பாதிக்கும் ஒதுக்குங்கள்.